மந்தக் காலத்தில் போவதா, இருப்பதா: ஊரப்பாக்கம் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2019 ஆகஸ்டில் இந்திய வாகன ஆலைகளிலிருந்து டீலர்களுக்குப் போன பயணியர் வாகனங்கள் 1,96,524. முந்தைய ஆண்டு அதே மாதத்தில் 2,87,198. ஒரே ஆண்டில் 31 சதவீதத்துக்கு மேல் வீழ்ச்சி. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, மறைமலை நகர் என்று சென்னையின் தென்மேற்கே வாகனத் தொழிலை நம்பி வாழும் வட்டாரம் முழுவதும் அப்போது ஒரே விசாரிப்புதான்: உங்கள் கம்பெனியில் இந்த மாதம் எத்தனை நாள் வேலை இல்லை? முதலில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிறுத்தப்பட்டார்கள். பிறகு ஷிப்ட் குறைந்தது. அதற்குப் பிறகு அதிகாரிகளின் முறை.

இந்த ஆய்வில் வரும் குடும்பம் அந்தச் சமயத்தில்தான் என்னிடம் ஆலோசனைக்கு வந்தது. தாம்பரம் சுற்றுவட்டாரத்துக் குடும்பங்களுக்கு நிதி ஆலோசனை சொல்வது என் வேலை. அவர்களின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மந்தம் வரும்போதெல்லாம் இதே கேள்வியோடு ஆட்கள் வருகிறார்கள், பெரும்பாலும் தவறான கணக்கோடு வருகிறார்கள் என்பதால் இதை முழுமையாகப் பதிவு செய்வது அவசியம் என்று கருதுகிறேன்.

கணவருக்கு அப்போது 36 வயது. இயந்திரவியல் பொறியாளர். எஞ்சின் உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பதினொரு ஆண்டு அனுபவம், கைக்கு வரும் சம்பளம் 62,000 ரூபாய். மனைவிக்கு 32. பி.எஸ்ஸி. நர்சிங் படித்தவர், தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது ஆண்டு வேலை, சம்பளம் 21,000. ஐந்து வயதில் ஒரு மகள். கணவரின் தாயார் 64 வயதுக்காரர், இன்சுலின் போட்டுக்கொள்பவர், இவர்களோடுதான் இருந்தார். ஊரப்பாக்கத்தில் வாங்கிய ஃபிளாட்டுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 25,000.

செப்டம்பரில் ஆலை விருப்ப ஓய்வுத் திட்டம் ஒன்றை அறிவித்திருந்தது. கணவரின் திட்டம் தயாராக இருந்தது: விருப்ப ஓய்வை எடுத்துக்கொள்வது, ஃபிளாட்டை விற்பது, கனடாவுக்கு நிரந்தரக் குடியிருப்பு விண்ணப்பம் போடுவது. அண்ணா சாலையில் ஒரு குடியேற்ற ஆலோசனை நிறுவனம் அவருடைய விவரங்களைப் பார்த்துவிட்டு ‘வலுவான விண்ணப்பம்’ என்று சொல்லி 15,000 ரூபாய் முன்பணமும் வாங்கியிருந்தது. மீதி 70,000 ரூபாயைக் கட்ட வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அவர் பேசியதில் பாதி, வேலையைப் பற்றியதே அல்ல. அந்தக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டுபோய், ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அவருடைய குடியிருப்பில் லாரித் தண்ணீர்ச் செலவைப் பங்கு போடுவதில் சங்கமே இரண்டாக உடைந்திருந்தது. “கடன் வாங்கி வீடு வாங்கினேன் சார், குளிக்கத் தண்ணீர் இல்லை. வேலைக்குப் போனால் வேலை இல்லை. இந்த ஊரில் இனி என்ன இருக்கிறது?” என்றார். அவர் மனைவி ஒன்றும் பேசாமல் கோப்பில் இருந்த தாள்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

புள்ளிக் கணக்கு

விண்ணப்பதாரருக்குப் புள்ளி போட்டு, அதிகப் புள்ளி உள்ளவர்களை அழைக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் யாரும் ஒளித்து வைத்த ரகசியம் எதுவும் இல்லை. புள்ளிப் பட்டியலை அந்த நாட்டு அரசே வெளியிட்டிருக்கிறது. ஒரு மணி நேரம் செலவிட்டால் யாரும் போட்டுவிடக்கூடிய கணக்கு. அதை அந்த நிறுவனம் இவர்களுக்குப் போட்டுக் காட்டவே இல்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

மேசையில் உட்கார்ந்து போட்டோம். மனைவியோடு விண்ணப்பிக்கும் 36 வயதுக்காரருக்கு வயதுக்காக 65 புள்ளி. இளநிலைப் பட்டத்துக்கு 112. மாதிரித் தேர்வில் அவர் எடுத்த ஆங்கில மதிப்பெண், கனடிய மொழி அளவுகோலில் எட்டாம் நிலைக்கு இணையானது; அதற்கு 88. மனைவியின் பட்டத்துக்கு 8, ஆங்கிலத்துக்கு 12. பட்டமும் மொழியும் சேர்ந்ததற்கு 13, கனடாவுக்கு வெளியே பெற்ற வேலை அனுபவமும் மொழியும் சேர்ந்ததற்கு 25. கூட்டினால் 323. ஆங்கிலத்தில் ஒன்பதாம் நிலையை எட்டிவிட்டார் என்றே வைத்துக்கொண்டாலும் 388. அந்த ஆண்டின் பிற்பாதியில் பொதுச் சுற்றுகளில் அழைப்பு வந்த கடைசிப் புள்ளி 457க்கும் 475க்கும் இடையில் இருந்தது.

ஏதாவது ஒரு மாகாணம் நியமனம் செய்தால் 600 புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். நிறுவனம் தொங்கிக்கொண்டிருந்தது அந்த ஒரு நூலில்தான். அது வரலாம், வராமலும் போகலாம். வரும் என்று நம்பி ஒருவர் வேலையை விடுவதும் வீட்டை விற்பதும் வேறு விஷயம். இன்னொன்றும் இருந்தது: கனடாவின் குடியேற்றச் சட்டப்படி, அங்கே உரிமம் பெற்ற ஆலோசகரோ வழக்கறிஞரோதான் கட்டணம் வாங்கிக்கொண்டு விண்ணப்பதாரருக்காகச் செயல்பட முடியும். உரிம எண் என்னவென்று கேட்டு அந்த நிறுவனத்துக்கு எழுதச் சொன்னேன். பதில் வரவில்லை. 70,000 ரூபாய் மிச்சம். 15,000 போனது போனதுதான்.

மனைவியை முதன்மை விண்ணப்பதாரராக வைத்தால் என்ன ஆகும் என்றும் பார்த்தோம். 32 வயதுக்கு 85. ஒன்பதாம் நிலை ஆங்கிலத்தோடு மொத்தம் 408. அதுவும் போதாது. ஆனால், அந்தக் கணக்கைப் போடும்போதுதான் அறையில் ஏதோ மாறியது. இருவரில் அவருடைய புள்ளி அதிகம் என்பது அதுவரை யாருக்கும் தோன்றியதே இல்லை.

மந்தம் நீங்கினால்?

இந்தக் குடும்பத்திடம் நான் கேட்ட ஒரு கேள்விதான் ஆய்வின் மையம். “நாளைக்கே ஆலை பழையபடி மூன்று ஷிப்ட் ஓடுகிறது, ஏரிகளும் நிரம்பிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் போவீர்களா?”

கணவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “எதற்குப் போகிறேன்?” என்றார். மனைவி, “நான் போவேன்” என்றார்.

கணவர் திரும்பி அவரைப் பார்த்தார். கல்லூரியில் கூடப் படித்தவர்களில் பலர் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இருப்பதையும், கல்யாணத்துக்கு முன்பே ஆங்கிலத் தேர்வுக்குப் படித்து விட்டுவிட்டதையும் மனைவி அன்றைக்குத்தான் முழுதாகச் சொன்னார். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது ஆண்டு கழித்தும் 21,000 ரூபாய். அந்தத் துறையை அறிந்தவர்களுக்கு அது வியப்பாக இராது. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் குறித்து 2016இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவை அடுத்து அமைந்த குழு, 200 படுக்கைகளுக்கு மேல் உள்ள மருத்துவமனைகள் மாநில அரசுச் செவிலியருக்கு இணையாகக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் இருக்கிறது. அவருக்கு அது வந்து சேரவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். புலம்பெயர்வது பற்றிப் பேசும் நம் குடும்பங்களில் ‘போகிறவர்’ ஆண் என்பது பேசாமலே முடிவாகிவிடுகிறது. அதிகம் சம்பாதிப்பவர் அவர், ஆகவே போகவேண்டியவரும் அவர் என்கிறார்கள். ஆனால், இங்கே கிடைக்கும் சம்பளம் இந்தச் சந்தையின் விலை. வெளியே ஒரு நாடு எதற்கு ஆள் தேடுகிறது என்பது முற்றிலும் வேறு சந்தை. வீட்டுக் கணக்கில் பால், காய்கறிக்கு ஆகும் பணம் என்று ஒதுக்கப்பட்ட 21,000 ரூபாய்ச் சம்பளக்காரருக்குத்தான் வெளிநாட்டில் உண்மையான தேவை இருந்தது. மேலும், வாகன விற்பனை விழுந்தால் உலகம் முழுவதும் வாகனப் பொறியாளரின் வாய்ப்பு சேர்ந்தே விழும். தீவிர சிகிச்சைச் செவிலியரின் தேவை அப்படி விழுவதில்லை.

கணவரின் பயத்தையும் நான் அலட்சியம் செய்யவில்லை. 2019 சரிவின் காரணங்கள் பலவும் கடந்துபோகக்கூடியவை. 2018 ஜூலையில் லாரிகளின் அச்சுச் சுமை வரம்பை உயர்த்தினார்கள். இருந்த லாரிகளே கூடுதல் சரக்கு ஏற்றியதால் புது லாரி வாங்குவது குறைந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற பெரிய உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் தவணை தவறியதில் வாகனக் கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்களுக்குப் பணமே கிடைக்கவில்லை. அதே மாதம் முதல் புதுக் காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை முன்கூட்டியே கட்டவேண்டியதாயிற்று. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புதிய புகை மாசு விதி வரப்போகிறது என்று வாங்குபவர்களும் காத்திருந்தார்கள். இவை தணிந்துவிடும். ஆனால், அவருடைய ஆலை செய்வது எஞ்சின் உதிரிபாகம். மின்வாகனம் பரவினால் அந்த வேலை மெல்லச் சுருங்கும். அது மந்தத்தோடு தீராத கேள்வி. அதற்கு விடை நாட்டை மாற்றுவது அல்ல, பத்து ஆண்டுக்குள் பிரிவை மாற்றுவது.

ஆகவே நான் சொன்னது: விருப்ப ஓய்வு வேண்டாம், வேலையில் இருங்கள். ஃபிளாட்டை விற்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2017 ஜூன் முதல் வழிகாட்டி மதிப்பைக் குறைத்து, பதிவுக் கட்டணத்தை ஒரு சதவீதத்திலிருந்து நான்காக உயர்த்தியிருந்தார்கள். முத்திரைத் தீர்வையோடு சேர்த்து, வாங்குபவர் அப்போது 11 சதவீதம் கட்ட வேண்டியிருந்தது. மந்தக் காலத்தில், தண்ணீர் இல்லாத கோடையில், அதையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஊரப்பாக்கத்தில் பழைய ஃபிளாட் வாங்க வருகிறவர் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார். பிரிட்டனில் வேலை தேடுவது மனைவி. செலவு, அவருடைய தேர்வுக் கட்டணம் மட்டும்.

அம்மா

பணக் கணக்கு ஒரு மாலையில் முடிந்துவிட்டது. மாமியாரின் கணக்கு முடியப் பல மாதங்கள் ஆயின.

தினமும் காலையில் மருமகள்தான் அவருக்கு இன்சுலின் போட்டார். இரவு ஷிப்ட் முடிந்து வந்தாலும், சீருடையை மாற்றுவதற்கு முன் ஃபிரிட்ஜிலிருந்து மருந்தை எடுத்து, உள்ளங்கையில் உருட்டி, முந்தைய நாள் குத்திய இடத்தைத் தவிர்த்து வயிற்றின் வேறொரு பக்கம் போடுவார். குறிப்பேட்டில் தேதி, அளவு, சர்க்கரை எண், எந்தப் பக்கம் என்று நான்கு பத்திகள். அந்தக் குறிப்பேட்டை ஒருமுறை நான் பார்த்தேன். போகிறவர் செய்துகொண்டிருந்த இந்த வேலையை யார் செய்வது என்பதை எந்தக் குடியேற்ற ஆலோசகரும் கேட்பதில்லை.

பின்னாளில் அழைத்துக்கொள்ளலாம் என்று கணவர் நம்பியிருந்தார். அதை உடைக்க வேண்டியிருந்தது. பிரிட்டனில் 2012 ஜூலைக்குப் பிறகு வயதான பெற்றோரை வரவழைப்பது ஏறக்குறைய முடியாத காரியம். முதலில் பிள்ளைக்கு அங்கே நிரந்தரக் குடியிருப்பு உரிமை இருக்க வேண்டும். பெற்றோருக்கு அன்றாட வாழ்க்கைக்கே நீண்டகாலப் பராமரிப்பு தேவைப்பட வேண்டும். பணம் கொடுத்தாலும் அது சொந்த நாட்டில் கிடைக்காது என்று நிரூபிக்க வேண்டும். சென்னையில் இருக்கும் ஒரு தாய்க்கு அதை நிரூபிப்பது எப்படி? போவதென்றால், அம்மாவை விட்டுவிட்டுத்தான் போகிறோம் என்று அறிந்தே போகவேண்டும்.

மடிப்பாக்கத்தில் இருக்கும் கணவரின் தங்கை, “அம்மா என்னிடம் இருக்கட்டும் அண்ணா” என்றார். மாதம் 15,000 ரூபாய் அம்மாவின் செலவுக்கு அனுப்புவது என்று முடிவானது. தங்கை அதைக் கேட்கவில்லை. எழுதி வைக்கச் சொன்னது நான். உடன்பிறந்தவர்களுக்குள் எழுதாமல் விட்ட ஏற்பாடு மூன்றாம் ஆண்டில் மனக்கசப்பாகத் திரும்பி வருவதை அதிகம் பார்த்திருக்கிறேன். தாயாரைக் கேட்டபோது அவர் மருமகளிடம் சொன்னது: “நீ போ அம்மா. ஊசியை நானே போட்டுக்கொள்கிறேன். எப்படிப் போடுவது என்று மட்டும் சொல்லிக் கொடு.”

நடந்தது

2019 நவம்பரில் மனைவி மருத்துவப் பணியாளருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுதினார். மூன்று பகுதிகளில் பி, எழுத்தில் சி பிளஸ். பிரிட்டனின் செவிலியர் கவுன்சில் அப்போது நான்கிலும் பி கேட்டது. 587 ஆஸ்திரேலிய டாலர், நம் பணத்தில் அவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல், போயிற்று. 2020 ஜனவரியில் எழுத்துப் பகுதிக்கு மட்டும் சி பிளஸ் போதும் என்று விதியைத் தளர்த்தினார்கள். பிப்ரவரியில் மறுபடி எழுதினார்; அதே மதிப்பெண்கள், இந்த முறை தேறின. அடுத்த மாதம் ஊரடங்கு.

அந்த ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டன் சுகாதாரப் பணியாளருக்கென்று தனி விசா கொண்டுவந்தது. கட்டணம் குறைவு, குடும்பத்துக்கும் சேர்த்துச் சுகாதாரக் கூடுதல் கட்டணம் கிடையாது. டிசம்பரில் செவிலியர் பதிவுக்கான கணினித் தேர்வு, பிப்ரவரியில் காணொலி நேர்காணல், பிறகு வேலைக் கடிதம். இடையில் சென்னையில் ஒரு முகவர் ‘பிரிட்டன் நர்ஸ் வேலைக்கு’ மூன்று லட்சம் கேட்டார். அந்த நாட்டின் ஆள்சேர்ப்பு நெறிமுறைப்படி செவிலியரிடம் வேலைக்காகக் கட்டணம் வாங்கவே கூடாது. இதை மட்டும் எல்லாச் செவிலியரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கிண்டியில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது; முகவரிடம் போகும் முன் அங்கே ஒரு நடை போய்வாருங்கள்.

2021 மே மாதத்தில் சேரும் தேதி கேட்டு மின்னஞ்சல் வந்தபோது சென்னையில் இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தது. ஆம்புலன்ஸ்கள் மருத்துவமனை வாசல்களில் வரிசையாக நின்ற நாட்கள். அவர் பதிலே எழுதவில்லை. கணவர் பதறிப்போய் என்னை அழைத்தார். நான் பேசியபோது, “என் வார்டில் ஏற்கெனவே ஆள் இல்லை சார். இவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவேன்? இரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாம்” என்றார். அந்த வேலைக் கடிதத்துக்காக இரண்டு ஆண்டு உழைத்தவர் சொன்ன வார்த்தை அது. அவர் மீது எனக்கு இருந்த மதிப்பு அன்று இரட்டிப்பானது. தள்ளிப்போட்டது பயணத்துக்கும் நல்லதாகவே முடிந்தது: இந்தியா ஆகஸ்ட் 8 வரை அங்கே சிவப்புப் பட்டியலில் இருந்தது, தரை இறங்கினால் 1,750 பவுண்டு கட்டி ஓட்டலில் தனிமைப்பட வேண்டும். நவம்பரில் தனியாகப் புறப்பட்டார்.

புறப்படும் முன் போட்ட கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 25,655 பவுண்டு. ரூபாயில் இருபத்தைந்து லட்சம் என்று உறவினர்கள் மலைத்தார்கள். வரி, தேசியக் காப்பீடு, ஓய்வூதியம் பிடித்ததுபோக மாதம் சுமார் 1,600 பவுண்டு. பதிவுக்கான செய்முறைத் தேர்வில் தேறும்வரை அதையும்விடக் குறைவு. குடும்பம் வந்து சேர்ந்தால் வாடகை, வெப்பமூட்டும் செலவு, சாப்பாடு போக, ஊரப்பாக்கம் தவணையும் அம்மாவின் பணமும் அனுப்பினால் மிச்சம் ஏதும் இருக்காது. கணவருக்கு வேலை கிடைக்கும் வரை அது சேமிக்கும் வாழ்க்கை இல்லை. ‘தெரிந்துதான் போகிறோம்’ என்று இருவரும் சொன்ன பிறகுதான் நான் சரி என்றேன்.

கணவர் 2022 ஆகஸ்டில் மகளோடு போனார். அதுவரை வேலையில் இருந்ததால் பதினான்கு ஆண்டுப் பணிக்கொடை, 42,000 அடிப்படைச் சம்பளத்துக்கு 26இல் 15 பங்கு என்ற கணக்கில், சுமார் 3,39,000 ரூபாய் கிடைத்தது. அங்கே முதல் ஏழெட்டு மாதம் பார்சல் கிடங்கில் இரவு வேலை. தரக்கட்டுப்பாட்டு மேலாளராக இருந்தவர், கையில் ஸ்கேனரோடு நின்றார். அந்த மாதங்களில் அவர் என்னிடம் பேசியதில் கசப்பு இருந்தது. மனைவியிடம் காட்டவில்லை என்றார், ஆனால் மனைவிக்குத் தெரியும் என்று அவரே இன்னொரு நாள் சொன்னார். 2023 வசந்த காலத்தில் மத்திய இங்கிலாந்தில் ஒரு உதிரிபாக நிறுவனத்தில் தர ஆய்வாளராகச் சேர்ந்தார். பழைய பதவியைவிட இரண்டு படி கீழே.

அவர் இங்கேயே இருந்திருந்தால்? ஏரிகள் 2020, 2021 மழையில் நிரம்பின, வாகன விற்பனையும் மீண்டது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, மறைமலை நகர் ஆலை அடுத்த ஆண்டு நின்றது. அவருடைய ஆலை இன்றும் ஓடுகிறது. அவரோடு வேலை பார்த்து இங்கேயே இருந்தவர் ஒருவர் இப்போது அந்தப் பிரிவின் தலைவர். இது கணவருக்குத் தெரியும். இந்த ஆய்வில் அதை மறைத்தால் நேர்மையாக இருக்காது.

2024இல் தாயார் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கணவர் வந்து மூன்று வாரம் இருந்தார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு எப்படிப் புரட்ட வேண்டும், எந்த இடத்தில் புண் வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் மருமகள் காணொலி அழைப்பில் நாத்தனாருக்குச் சொல்லிக் கொடுத்தார். இப்போது தாயார் வாக்கருடன் நடக்கிறார்.

2026 நவம்பரில் மனைவிக்கு அங்கே ஐந்து ஆண்டு நிறைகிறது. நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்க அதுவே கணக்காக இருந்தது. 2025 மே மாதம் அந்த அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, பொதுவான காலத்தைப் பத்து ஆண்டாக உயர்த்த முன்மொழிந்தது. அப்படியானால் கணவருக்கு 48 வயதாகும்வரை காத்திருப்பு. அம்மாவுக்காகத் திரும்பிவிடலாம் என்பது அவருடைய எண்ணம். மனைவி இப்போது ஒரு வார்டின் பொறுப்பில் இருக்கிறார், மகளுக்கு அங்கே பள்ளி பிடித்திருக்கிறது. அவர் திரும்ப விரும்பவில்லை. பொங்கலுக்கு ஊர் வருகிறார்கள். இந்த முறை தாயாரையும் தங்கையையும் கூட உட்காரவைத்துப் பேசுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.